கடைசித் துளை

தபீத்தாளை ஆம்பூரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாஸ்டர் என்பார்கள். ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷம் மாதிரி வெட்டும் வேலை பார்த்தவர். பிறகு அதை விட்டுவிட்டு, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டைப் பிடித்து, பெல்ட், செருப்பு, நாய்ப் பட்டை, வங்கிக் காவலாளிகளுக்குத் தோட்டாப் பட்டை, துப்பாக்கி உறை என்று கேட்டதைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்த தணிகாசலத்துக்கு அறுபது. போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை காலை, ஷெட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவர் உள்ளே நுழைந்தார். செருப்புத் தைக்கிற இடத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற முதல் ஆள் நீங்கதான் என்று மாஸ்டர் சொன்னார். தணிகாசலம் சிரிக்கவில்லை. துப்பாக்கி உறை செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

எல்லாரும் பெல்ட்டில் ஆரம்பிப்பார்கள், இல்லையென்றால் பர்ஸில் ஆரம்பிப்பார்கள் என்று மாஸ்டர் சொல்லிப் பார்த்தார். தணிகாசலம் உறைதான் என்று நின்றார்.

“வியாபாரத்துக்கா சார்?”

“இல்லை. சும்மா, பொழுதுபோக்கு.”

“பொழுதுபோக்குன்னா மீன் வளர்க்கலாமே. துப்பாக்கி வச்சிருக்கீங்களா?”

“ரிட்டயர் ஆன அன்னிக்கே ஒப்படைச்சாச்சு.”

“நல்லது. நிஜத் துப்பாக்கி இந்த ஷெட்டுக்குள்ள வரக்கூடாது. கத்திக்கும் ஊசிக்கும் காவல் இருக்கவே எனக்கு நேரம் பத்தலை.”

அதனால் மரத்தில் ஒன்று செய்யவேண்டி வந்தது. தணிகாசலம் கணக்காக அளவு எழுதிக் கொடுக்க, பஜார் தெரு ஆசாரி தேக்குத் துண்டில் கைத்துப்பாக்கி ஒன்றைச் செதுக்கிக் கொடுத்தார். வெடித்தால் என்னைக் கேட்கக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார். அதைக் கையில் வாங்கியதும் தணிகாசலத்தின் விரல்கள் தாமாகவே இடம் பார்த்து உட்கார்ந்தன. ஆசாரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் அதைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

முதல் இரண்டு மாதம் மாஸ்டர் அவருக்குத் தையல் மட்டும் கொடுத்தார். நூலுக்குத் தேன்மெழுகு தடவ வேண்டும். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் பக்கத்திலிருந்தும் விட்டு, இரண்டு கையாலும் ஒரே பலத்தில் இழுக்க வேண்டும். தணிகாசலத்தின் வலது கை எப்போதும் முந்தியது. தையல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாஸ்டர் பிரித்துக் கொடுப்பார். அவர் மறுபடி தைப்பார். வீட்டில் அவர் மனைவி, சட்டையெல்லாம் தோல் வாடை, இதற்கு நீங்கள் ஸ்டேஷனிலேயே இருந்திருக்கலாம் என்றாள்.

அந்த நாட்களில்தான் மாஸ்டரின் வழக்கம் ஒன்றை அவர் கவனித்தார். எதைச் செய்தாலும் கடைசித் துளையை மட்டும் மாஸ்டர் போடமாட்டார். செருப்பு என்றால் போடுகிறவன் வந்து கால் வைக்க வேண்டும். பெல்ட் என்றால் கட்டுகிறவன் வந்து நிற்க வேண்டும்.

ஒருநாள் ஒரு லாரி ஓனர், தன் மாமனாருக்குச் சொல்லியிருந்த பெல்ட்டை வாங்க வந்தார். பெல்ட் தயாராக இருந்தது. துளை இல்லை.

“முப்பத்தெட்டுன்னு சொன்னேனேக்கா. துளையைப் போட்டுக் குடுங்க.”

“கூட்டிட்டு வா.”

“அவரு திருப்பத்தூர்ல இருக்காரு.”

“இடுப்பும் அவரோட திருப்பத்தூர்லதானே இருக்கு. அப்புறம் நான் இங்க எதுல துளை போடறது?”

லாரி ஓனர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனாரோடு வந்தார். கிழவருக்கு இடுப்பு முப்பத்தைந்துகூட இல்லை. மருமகனுக்குத் தெரியாமல் இளைத்துப்போயிருந்தார். தணிகாசலம் அன்றைக்குத்தான் அந்த ஷெட்டில் முதல்முறையாகச் சிரித்தார்.

ஆடியில் முதல் உறை. மரப்பட்டைச் சாற்றில் பதமிட்ட தடித்த மாட்டுத் தோலை வெட்டி, நீரில் ஊறவைத்து, மரத் துப்பாக்கியைச் சுற்றி மடித்து, விரலாலும் எலும்புத் துண்டாலும் அழுத்தி அழுத்தி வடிவம் எடுக்க வேண்டும். இரண்டு நாள் நிழலில் காய வேண்டும். காய்ந்தபின் தோல் அந்த வடிவத்தை விடாது.

முதல் உறையை மாஸ்டர் தலைகீழாகப் பிடித்தார். துப்பாக்கி விழவில்லை. குலுக்கினார். விழவில்லை. பிடியில் இரண்டு விரல் வைத்து இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது.

“நல்லா வந்திருக்கு சார்.”

தணிகாசலத்துக்குத் திருப்தி இல்லை. இன்னும் இறுக்கமாக இருக்கவேண்டும் என்றார். இரண்டாவது உறையை அப்படியே செய்தார். அதற்குமேல் ஒரு பட்டியும், பட்டியில் ஒரு டிச் பட்டனும் வைத்தார். மூன்றாவதில் இரண்டு பட்டி. அதுவும் போதவில்லை.

மாஸ்டர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

“இத்தனை வருஷமா உறை தைக்கிறேன். எல்லாரும், இழுத்தா உடனே வரணும்னு சொல்வாங்க. நீங்க ஒருத்தர்தான் வரக்கூடாதுங்கறீங்க. வரக்கூடாதுன்னா எதுக்கு சார் உறை? பீரோல வச்சுப் பூட்டலாமே.”

தணிகாசலம் கொஞ்ச நேரம் நூலுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். உறை அவருக்கு இல்லை. மகன் புகழேந்திக்கு. எஸ்.ஐ. ஆகத் தேர்வாகிப் பயிற்சியில் இருக்கிறான். கார்த்திகையில் ஸ்டேஷனில் சேர வேண்டும். எந்த ஊர் என்றும் சொல்லிவிட்டார்கள். அடிக்கடி கலாட்டா நடக்கிற ஊர். அவன் இடுப்பில் தன் கையால் செய்தது ஒன்று இருக்கவேண்டும் என்று நினைத்தார்.

“நல்ல விஷயம்தானே. அப்ப இவ்வளவு பூட்டு எதுக்கு?”

“அவசரப்பட்டு எடுத்திடக்கூடாது.”

“யாராவது அரிவாளைத் தூக்கிட்டு வந்தா? அப்பவும் ரெண்டு பட்டனைத் திறந்துட்டு இருக்கணுமா?”

தணிகாசலம் அன்று மதியம் மூன்றாவது உறையின் பட்டன்களைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். இரண்டும் உண்மையாக இருந்தது. லேசாக வந்தால் ஒரு பயம். வராவிட்டால் இன்னொரு பயம். சாயங்காலம் கிளம்பும்போது கதவருகில் நின்று கேட்டார்.

“மாஸ்டர், எவ்வளவு இறுக்கமா இருக்கணும்? நீங்களே சொல்லிடுங்க.”

“நீங்க நினைக்கிற மாதிரியே ஒண்ணு செய்ங்க. பாத்துட்டுச் சொல்றேன்.”

அவர் நினைத்த மாதிரியே செய்தார். அவருடைய வேலையில் அதுதான் சிறந்தது. தையல் இரண்டு பக்கமும் ஒன்றாக விழுந்திருந்தது. விளிம்பைக் கட்டையால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தார். மேலே மூன்று பட்டி, மூன்று டிச் பட்டன். தன் பெருவிரல் விழுகிற இடம் பார்த்து, துளைகளையும் தானே போட்டிருந்தார்.

மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. பெல்ட்டில் மாட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள் என்றார். தைக்கும்போதும், தண்ணீர் குடிக்கும்போதும், தோல் மூட்டையைத் தூக்கும்போதும் அது இடுப்பில் இருக்கட்டும். நான் எப்போதாவது “எடுங்க” என்பேன், அப்போது எடுங்கள்.

முதல் நாள் மாஸ்டர் சொன்னபோது தணிகாசலம் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்து, ஒரு பட்டன், இரண்டாவது பட்டன், மூன்றாவதில் நகம் வழுக்கி, ஒருவழியாக எடுப்பதற்குள் மாஸ்டர் ஒரு வாரை வெட்டி முடித்துவிட்டார்.

“எனக்கு இதுதான் வேணும்,” என்றார் தணிகாசலம். முகத்தில் நிம்மதி தெரிந்தது.

“சரி சார். மாட்டிக்கிட்டே இருங்க.”

மூன்றாம் நாள் நகம் வழுக்கவில்லை. ஐந்தாம் நாள் அவர் பட்டனைப் பார்க்காமலே திறந்தார். ஏழாம் நாளுக்குப் பிறகு மாஸ்டர் “எடுங்க” என்று சொல்வதை நிறுத்திவிட்டார். தணிகாசலம் அதைக் கவனிக்கவும் இல்லை. உறை இடுப்பில் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

பத்தாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். தணிகாசலம் வாசலைப் பார்த்து உட்கார்ந்து ஒரு நாய்ப் பட்டைக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் மாஸ்டர் அலமாரியில் எதையோ எடுத்துக்கொண்டிருந்தார். ஆணி டப்பா சிமெண்டுத் தரையில் விழுந்தது. தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

தணிகாசலம் எழுந்து திரும்பி நின்றிருந்தார். கை நீண்டிருந்தது. கையில் துப்பாக்கி இருந்தது. அதற்கு நேராக மாஸ்டர் குனிந்து ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் நிமிரவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டே சொன்னார்.

“மூணு பட்டனும் திறந்திருக்கா பாருங்க சார்.”

தணிகாசலம் குனிந்து இடுப்பைப் பார்த்தார். மூன்று பட்டியும் விரிந்து தொங்கின. திறந்தது அவருக்கு நினைவில்லை.

மரத் துப்பாக்கியை மேஜையில் வைத்தார். பிறகு தரையில் உட்கார்ந்து அவரும் ஆணி பொறுக்க ஆரம்பித்தார். எல்லாம் பொறுக்கி முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்தபடி சொன்னார்.

தெற்கே ஒரு ஊர். அப்போது அவர் எஸ்.ஐ. புகழேந்திக்கு நாலு வயது. பஸ் மோதி ஒரு பெண் செத்துப்போனதில், ஜனங்கள் பஸ் ஸ்டாண்டை மறித்துவிட்டார்கள். கல் பறந்தது. அவருக்குப் பக்கத்தில் நின்ற ஏட்டின் மண்டை உடைந்தது. கூட்டம் கலைந்து ஓடியபோது, ஒருவன் மட்டும் நின்று அவருக்கு எதிரே பத்தடியில் குனிந்தான். அவர் சுட்டார். முழங்காலில் பட்டது. காலை எடுக்கவேண்டி வந்தது. விசாரணை நடந்தது. அந்தச் சூழ்நிலையில் சரியான நடவடிக்கை என்று எழுதினார்கள். அடுத்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வு வந்தது.

“கல் எடுக்கக் குனியறான்னு நினைச்சேன்,” என்றார் தணிகாசலம்.

“கல் இல்லையா?”

“செருப்பு. ஓடறப்போ கழண்டுடுச்சு. அதை எடுக்கத்தான் குனிஞ்சிருக்கான்.”

மாஸ்டர் டப்பாவை மூடினார்.

“தோல் செருப்பா?”

“ஆமா. அவனைத் தூக்கிட்டுப் போன பிறகு அங்கேயே கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். வார் அறுந்திருந்தது.”

“எந்த இடத்துல?”

தணிகாசலம் தன் வலது காலை நீட்டி, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தொட்டுக் காட்டினார்.

“அங்க தையல் ஒத்தையா போட்டிருப்பான்,” என்றார் மாஸ்டர். “ரெட்டையா போட்டிருந்தா தாங்கியிருக்கும்.”

கேட் மூடுகிற மணி அடித்தது. ஒரு சரக்கு ரயில் நீளமாகப் போய் முடிந்தது.

“உங்க பையனுக்கு இது தெரியுமா சார்?”

“பதவி உயர்வு வாங்கினது தெரியும்.”

மாஸ்டர் ஒரு புதுத் தோலை எடுத்து மேஜையில் விரித்தார். இதில் செய்யுங்கள் என்றார். ஒரு பட்டி போதும் என்றார். தணிகாசலம் அதன்படியே வெட்டினார், ஊறவைத்தார், வடிவம் எடுத்தார், தைத்தார். ஐப்பசி முடிவதற்குள் உறை தயாராகிவிட்டது. பட்டன் வைக்கும் துளை மட்டும் பாக்கி.

அவர் உறையைத் தன் இடுப்பில் வைத்து, பெருவிரல் விழுகிற இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தார். புதன்கிழமை அவன் டியூட்டியில் சேர்கிறான், பார்சலில் அனுப்பிவிடலாம், இதில் துளை போட்டுக் கொடுங்கள் என்று மாஸ்டரிடம் நீட்டினார்.

மாஸ்டர் உறையை வாங்கி, தணிகாசலத்தின் இடுப்பிலேயே மறுபடி வைத்துப் பார்த்தார். சரிவும் சாய்வும் அச்சாகப் பொருந்தியிருந்தன.

“உங்களுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரியே இருக்கு சார்.”

“என் கைதான் அவன் கையும். ஒரே வாகு.”

“நீங்க இந்த ஆறு மாசமா தச்சது எல்லாமே உங்க இடுப்புக்குத்தான்.”

பென்சில் புள்ளியை எச்சில் தொட்டு அழித்துவிட்டு, உறையை அவரிடமே கொடுத்தார்.

“கூட்டிட்டு வாங்க.”

“அவனுக்கு நேரமில்லை மாஸ்டர். ரெண்டு நாள்தான் லீவு.”

“துளை போட ஒரு நிமிஷம் போதும்.”

புகழேந்தி ஞாயிற்றுக்கிழமை வந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். அப்பாவின் நடையே அவனுக்கும். உறையைக் கையில் வாங்கி மூக்கருகே வைத்து மோந்தான். அப்பா, நிஜமாவே நீங்களா செஞ்சீங்க, கடையில வாங்கிட்டுச் சொல்றீங்களா என்று கேட்டான். தணிகாசலம் தையலைக் காட்டினார். அவன் அதை விரலால் தடவிப் பார்த்தான்.

மாஸ்டர் அவனை நிற்க வைத்து, உறையை அவன் பெல்ட்டில் மாட்டினார். கையைத் தொங்கவிட்டு, பிறகு சாதாரணமாகப் பிடியில் வைக்கச் சொன்னார். அவன் பெருவிரல், தணிகாசலம் முன்பு புள்ளி வைத்திருந்த இடத்தைத் தாண்டி அரை அங்குலம் தள்ளி விழுந்தது. தணிகாசலம் அதைப் பார்த்தார். மாஸ்டர் அங்கே சாக்பீஸால் ஒரு குறி வைத்தார். ஆனால் துளைக் கம்பியையும் சுத்தியலையும் எடுக்கவில்லை.

“தம்பி, அந்த ஸ்டூல்ல உட்காருங்க. அப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். முடிஞ்சதும் கூப்பிடுங்க, வந்து துளை போடறேன்.”

புகழேந்தி அப்பாவைப் பார்த்தான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். உறை அவன் இடுப்பிலேயே இருந்தது. பட்டி, பட்டன் இல்லாமல் மடங்கித் தொங்கியது.

மாஸ்டர் வாசலுக்குப் போனார். தணிகாசலம் அவருக்குப் பின்னாலேயே நாலு அடி வந்துவிட்டார். மகனுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

“இருபத்திமூணு வருஷம் ஆச்சு மாஸ்டர். எங்கேருந்து ஆரம்பிக்கறது?”

மாஸ்டர் வாசலில் கிடந்த தணிகாசலத்தின் செருப்பைக் காலால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, தன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வார் அறுந்ததுலேருந்து ஆரம்பிங்க சார்.”